எலிக்கு மாதவிலக்கு இல்லை: மாதவிடாய்க்கு முந்தைய மனச்சோர்வை விலங்குகளில் ஆராயும் வழிகள்

எலிக்கு மாதவிலக்கு வராது. வழக்கமான ஆய்வகச் சுண்டெலிக்கும் வராது. ஆனாலும், மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் சில பெண்களை ஆட்டிப்படைக்கும் கடும் மனச்சோர்வின்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி எலிகளிடமிருந்தே வந்தது. அந்த அறிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது, எலியை எப்படித் தயார் செய்தார்கள், எந்த நாளில், எந்த நேரத்தில், எதை அளந்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஆய்வுக் கட்டுரைகளின் முடிவுரையை மட்டும் வாசிப்பவர்களுக்கு இந்த விவரங்கள் கண்ணில் படுவதில்லை.

முதலில் நோய். மாதவிடாய்க்கு முன் கொஞ்சம் எரிச்சல், வயிறு உப்புசம், மார்பு வலி எல்லாம் ஏராளமான பெண்களுக்கு உண்டு. இங்கே பேசுவது அதைப் பற்றியல்ல. நூறு பெண்களில் ஏறத்தாழ 3 முதல் 8 பேருக்கு, கருமுட்டை வெளியேறியதற்குப் பிந்தைய நாட்களில் கடும் மனச்சோர்வு, அடக்க முடியாத கோபம், பதற்றம், சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரை வருகிறது. உதிரம் தொடங்கிய சில நாட்களில் அது வடிந்துவிடுகிறது. மருத்துவர்கள் இதை பிஎம்டிடி (மாதவிடாய்க்கு முந்தைய மனச்சோர்வுக் கோளாறு) என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டு நூலில் 2013இல் இது மனச்சோர்வு நோய்களுள் ஒன்றாக முழு இடம் பெற்றது. குறைந்தது இரண்டு சுழற்சிகளுக்கு நாள்தோறும் அறிகுறிகளைக் குறித்து வைத்தால்தான் நோய் உறுதியாகும். ஞாபகத்திலிருந்து சொல்வது போதாது.

இந்த நோயை ஒத்த நிலையை விலங்கில் உருவாக்கி ஒரு 'மாதிரி' செய்ய நினைப்பவர் முதலில் மனதில் நிறுத்த வேண்டியது ஒரு மனித ஆய்வை. 1998இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் பீட்டர் ஷ்மிட், டேவிட் ரூபினோ குழுவினர், லியூப்ரோலைடு என்ற மருந்தால் பெண்களின் சினைப்பைச் செயல்பாட்டைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். நோயுள்ளவர்களில் பலருக்கு அறிகுறிகள் மறைந்தன. அப்படிக் குணம் கண்ட 10 பேருக்கு, சினைப்பை சுரக்கும் ஹார்மோன்களான ஈஸ்ட்ரடயோலையும் புரோஜெஸ்டிரோனையும் திரும்பக் கொடுத்தபோது அறிகுறிகள் மீண்டும் வந்தன. நோயில்லாத 15 பெண்களுக்கும் அதே மருந்தும் அதே ஹார்மோன்களும் கொடுக்கப்பட்டன. அவர்கள் மனநிலையில் மாற்றமே இல்லை. இரத்தத்தில் ஹார்மோன் அளவு இரு தரப்பிலும் ஒன்றுதான். வேறுபடுவது, அந்த ஹார்மோனுக்கு மூளை காட்டும் எதிர்வினை.

இந்த ஒரு முடிவே விலங்கு மாதிரிகளுக்கெல்லாம் உரைகல். ஹார்மோனை ஏற்றி இறக்கியதும் கூண்டிலுள்ள எல்லா எலிகளும் ஒரேபோலச் சோர்ந்து போனால், அங்கே கிடைத்தது ஹார்மோன் இறக்கத்தின் விளைவு. நோயின் மாதிரி வேண்டுமானால், சில எலிகள் சோர வேண்டும். அதே ஹார்மோன் பெற்ற மற்ற எலிகள் சும்மா இருக்க வேண்டும். பெரும்பாலான ஆய்வுகள் இந்த இரண்டாவது நிபந்தனையைத் தொடுவதே இல்லை என்பதுதான் இந்தத் துறையின் பெரிய குறை.

எலியின் நான்கு நாள் சுழற்சி

பெண் எலியின் இனப்பெருக்கச் சுழற்சி 4 அல்லது 5 நாள். அதற்கு நான்கு கட்டங்கள்: புரோஈஸ்ட்ரஸ் அரை நாள் போல, ஈஸ்ட்ரஸ் ஒரு நாள் போல, மெட்டஸ்ட்ரஸ் 6 முதல் 8 மணி நேரம், மிச்சமெல்லாம் டையெஸ்ட்ரஸ். பெண்களுக்குக் கருமுட்டை வெளியேறிய பிறகு, அது இருந்த இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்ற சுரப்பி ஏறத்தாழ இரண்டு வாரம் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. எலியில், இணை சேராவிட்டால், அது ஓரிரு நாளில் ஓய்ந்துவிடும். ஆக, எலியில் புரோஜெஸ்டிரோன் இரு முறை ஏறி இறங்குகிறது: மெட்டஸ்ட்ரஸ் தொட்டு டையெஸ்ட்ரஸ் முற்பகுதி வரை ஒருமுறை, புரோஈஸ்ட்ரஸ் மாலையில் இன்னொருமுறை. பெண்ணின் மாதவிலக்குக்கு முந்தைய நாட்களோடு ஒப்பிடத்தக்கது, முதல் ஏற்றம் சரியும் டையெஸ்ட்ரஸ் பிற்பகுதி.

எந்த எலி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை யோனி ஸ்மியர் வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். கொஞ்சம் உப்புக்கரைசலை மழுங்கிய முனையுள்ள பிப்பெட்டால் யோனியின் வாய்ப்பகுதியில் விட்டு, திரும்ப உறிஞ்சி, ஸ்லைடில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். உட்கருவுள்ள உருண்டையான எபிதீலியச் செல்கள் கொத்துக் கொத்தாக இருந்தால் புரோஈஸ்ட்ரஸ். உட்கரு இல்லாத, காய்ந்த செதில்போன்ற செல்கள் நிறைந்திருந்தால் ஈஸ்ட்ரஸ். எல்லாம் கலந்து கிடந்தால் மெட்டஸ்ட்ரஸ். சின்னச் சின்ன வெள்ளணுக்களே பெரும்பாலும் தெரிந்தால் டையெஸ்ட்ரஸ்.

தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. பிப்பெட்டோ பஞ்சுக் குச்சியோ ஆழமாகப் போய்க் கருப்பைவாயைத் தொட்டால், எலியின் உடல் இணை சேர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு பொய்க்கர்ப்பத்துக்குள் போய்விடும்; ஸ்மியரில் இரண்டு வாரத்துக்கு டையெஸ்ட்ரஸே தெரியும். தினமும் வெவ்வேறு நேரத்தில் எடுத்தால் 8 மணி நேரமே நீடிக்கும் மெட்டஸ்ட்ரஸ் கையில் சிக்காமலே நழுவும். புரோஈஸ்ட்ரஸ் காலையும் மாலையும் ஸ்லைடில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கலாம், ஆனால் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் பல மடங்கு வேறுபடும். அதனால் சோதனை காலையிலா மாலையிலா என்று சொல்லாமல் 'புரோஈஸ்ட்ரஸ் எலிகள்' என்று மட்டும் எழுதும் கட்டுரையிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு மூன்று சுழற்சி முழுமையாகப் பார்த்து, ஒழுங்காகச் சுழலும் எலிகளை மட்டும் சேர்ப்பது நல்லது. ஒப்பீட்டுக்கு வைக்கும் சினைப்பை நீக்கிய எலிகளுக்கும் தினமும் அதே ஸ்மியர் எடுக்க வேண்டும். கையில் பிடிப்பதே எலிக்கு ஓர் அழுத்தம். சுண்டெலிகளில் இன்னொரு சிக்கல் உண்டு: பெண் சுண்டெலிகளை நெருக்கமாகக் கூட்டி வைத்தால் சுழற்சி தடைபடும், ஆண் சுண்டெலியின் சிறுநீர் வாசனை பட்டால் சுழற்சிகள் ஒன்றுசேர்ந்து ஓடத் தொடங்கும். பக்கத்து அறையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதுகூடக் கணக்கில் வர வேண்டும்.

ஏற்றி இறக்கும் முறை

சுழற்சி இத்தனை சிறியதாக இருப்பதால், பல ஆய்வகங்கள் இயற்கையை நம்பாமல் ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்கின்றன. தோலுக்கடியில் புரோஜெஸ்டிரோன் நிரப்பிய சிலிகோன் குழாயை வைத்து, 21 நாள் விட்டு, பிறகு எடுத்துவிடுவது இந்த வகையில் புகழ்பெற்ற முறை. குழாயை எடுத்த 24 மணி நேரத்தில் எலியைச் சோதிக்கிறார்கள்.

ஷெரில் ஸ்மித் குழுவினர் 1998இல் இந்த முறையில் வெளியிட்ட ஆய்வுதான் துறையின் திசையை மாற்றியது. புரோஜெஸ்டிரோன் மூளையில் அலோப்ரெக்னனோலோனாக மாறுகிறது. 5-ஆல்ஃபா ரிடக்டேஸ், 3-ஆல்ஃபா ஹைட்ராக்சிஸ்டீராய்டு டிஹைட்ரோஜினேஸ் என்ற இரு நொதிகள் அந்த வேலையைச் செய்கின்றன. அலோப்ரெக்னனோலோன், நரம்பணுக்களை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளுக்கான காபா-ஏ ஏற்பியில் ஒட்டி நரம்பணுக்களை அமைதிப்படுத்தும். தூக்க மாத்திரை செய்வதும் ஏறத்தாழ இதையே. மூன்று வாரம் இதற்குப் பழகிய மூளையிலிருந்து அதைத் திடீரெனப் பிடுங்கியதும், மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் காபா-ஏ ஏற்பியின் உறுப்புகளுள் ஒன்றான ஆல்ஃபா-4 துணையலகு கூடியது. ஆல்ஃபா-4 உள்ள ஏற்பி, பதற்றம் தணிக்கும் பென்சோடயசெபைன் மருந்துகளுக்கு மந்தமாகவே பதிலளிக்கும். அந்த எலிகளுக்குப் பதற்றமும் வலிப்பு வரும் வாய்ப்பும் கூடின. ஆல்ஃபா-4 உற்பத்தியை, மரபணுவின் செய்தியை மறிக்கும் ஆன்டிசென்ஸ் முறையில் தடுத்தபோது இந்த விளைவுகள் வரவில்லை. காரணமும் விளைவும் இவ்வளவு தெளிவாகக் கோக்கப்பட்ட ஆய்வுகள் இத்துறையில் குறைவு.

ஆனால் அதே குழுவினர் பின்னர் கண்டது கதையைச் சிக்கலாக்கியது. புரோஜெஸ்டிரோனை வெறும் 48 மணி நேரம் கொடுத்தாலே, எடுக்காமலே, ஆல்ஃபா-4 கூடுகிறது, பதற்றமும் கூடுகிறது. இறக்கம் மட்டுமே தூண்டுதல் என்று இனிச் சொல்ல முடியாது. அளவு மாறுவதே தூண்டுதலாக இருக்கலாம். பெண்களிடம் நடந்ததும் இதையே காட்டுகிறது. 2017இல் ஷ்மிட் குழுவினர், சினைப்பை அடக்கப்பட்ட பெண்களுக்கு ஹார்மோனை மூன்று மாதம் ஒரே அளவில் தொடர்ந்து கொடுத்தபோது, முதல் மாதத்தில் அறிகுறி வந்தது, அடுத்த இரண்டு மாதங்களில் இல்லை. பலருக்கு அறிகுறி தொடங்குவதே புரோஜெஸ்டிரோன் உச்சத்திலிருக்கும் நாட்களில், இறங்கத் தொடங்குமுன். குழாயைப் பிடுங்கிய 24 மணி நேரத்தில் மட்டும் எலியைப் பார்ப்பவர் இந்தப் பகுதியை முழுதாகத் தவறவிடுகிறார்.

முறையைக் கையாள்பவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. புரோஜெஸ்டிரோனை நல்லெண்ணெயில் கரைத்து ஊசியாகப் போடுவதும் வழக்கம். கிலோவுக்கு 5 மில்லிகிராம் பல ஆய்வுகளில் வரும் அளவு. தோலுக்கடியில் போட்ட எண்ணெய் அங்கேயே தங்கி மெதுவாகக் கசியும், அதனால் இறக்கம் சரிவாக வரும், செங்குத்தாக வராது. கூர்மையான இறக்கம் வேண்டுமானால் குழாய்தான் ஏற்றது. ஆனால் குழாயை எடுக்க மயக்க மருந்தும் சிறு அறுவையும் வேண்டும், மறுநாள் அளக்கும் நடத்தையில் அதன் சாயல் இருக்கும். எனவே வெறும் குழாய் வைத்து எடுத்த எலிகள், புரோஜெஸ்டிரோன் குழாயை எடுக்காமல் அதே கீறலை மட்டும் போட்ட எலிகள், குழாய் எடுக்கப்பட்ட எலிகள் என மூன்று குழுவும் இருந்தால்தான் முடிவு நிற்கும். சினைப்பை நீக்கிய எலியில் ஈஸ்ட்ரடயோலைக் கொஞ்சமாவது கொடுக்காவிட்டால் பல மூளைப் பகுதிகளில் புரோஜெஸ்டிரோன் ஏற்பியே குறைந்துவிடும். சினைப்பை நீக்காத எலிக்குத் தொடர்ந்து புரோஜெஸ்டிரோன் கொடுத்தால் அதன் சொந்தச் சுழற்சி நின்றுபோகும்.

பொய்க்கர்ப்பம் இதற்கு நடுவழி. விந்துக்குழாய் துண்டித்த ஆணோடு இணையவிட்டால், எலியின் கார்பஸ் லூட்டியம் 12 முதல் 14 நாள் உயிரோடு இருக்கும். பெண்ணின் லூட்டியல் கட்டத்தை (கருமுட்டை வெளியேறியது முதல் மாதவிலக்கு வரையான நாட்கள்) நீளத்தில் ஒத்துவரும், ஊசியும் இல்லை, குழாயும் இல்லை. ஆனால் எலியில் அதைக் காப்பாற்றுவது தினமும் இருமுறை எழும் புரோலாக்டின் என்ற ஹார்மோன். பெண்ணின் சுழற்சியில் அப்படி ஒன்று கிடையாது.

தாமாகவே பிரியும் எலிகள்

ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் எலியாஸ் எரிக்சன் குழுவினர் 2001இல் வேறு வழி பிடித்தனர். மனச்சோர்வை விட்டுவிட்டு எரிச்சலை எடுத்துக்கொண்டார்கள். இந்த நோயில் மிகப் பரவலான அறிகுறிகளுள் எரிச்சலும் ஒன்று, எலியில் அதை நேராகப் பார்க்கவும் முடியும். பெண் எலியின் கூண்டில் அந்நிய எலி ஒன்றை விட்டு, அது பக்கவாட்டில் திரும்பி மிரட்டுவதையும், எழுந்து நின்று மோதுவதையும், கடிப்பதையும் எண்ணுகிறார்கள். அதே எலியை வெவ்வேறு கட்டங்களில் சோதித்தபோது, சில எலிகளிடம் மட்டும், இணைசேர விரும்பாத கட்டத்தில் ஆக்ரோஷம் கூடியது. மற்ற எலிகளிடம் இந்தச் சுழற்சி இல்லை. அப்படிப் பிரிந்த எலிகளுக்கு ஃப்ளூவாக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்ததும் ஆக்ரோஷம் தணிந்தது.

இந்த மாதிரியே இவற்றுள் சிறந்தது என்பது எங்கள் முடிவு. இங்கே ஹார்மோன் எல்லா எலிக்கும் ஒன்று, எதிர்வினை சிலவற்றுக்கு மட்டும். 1998 மனித ஆய்வின் அமைப்பு அப்படியே வருகிறது. இதன் வழியில் சீனாவின் ஷாண்டோங் மாகாணக் குழுக்கள் எரிச்சல் வகை, மனச்சோர்வு வகை என இரண்டாகப் பிரித்து எலிகளைத் தேர்ந்தெடுத்து வருகின்றன. தேர்ந்தெடுத்த எலியின் சினைப்பையை நீக்கினால் நடத்தை மாற்றம் மறைய வேண்டும், ஹார்மோன் திரும்பக் கொடுத்தால் திரும்ப வர வேண்டும். இந்தச் சரிபார்ப்பு இல்லாவிட்டால், வெறுமனே சிடுசிடுத்த எலிகளைப் பொறுக்கியதாகவே ஆகும்.

நீரில் மிதக்கும் எலி எதைச் சொல்கிறது

மனச்சோர்வை அளக்க அதிகம் பயன்படுவது ராஜர் போர்சோல்ட் 1977இல் கொண்டுவந்த கட்டாய நீச்சல் சோதனை. ஏறத்தாழ 25 டிகிரி வெப்பமுள்ள நீர் நிரம்பிய உருளையில் எலியை முதல்நாள் 15 நிமிடம் விடுவார்கள், மறுநாள் 5 நிமிடம். அசையாமல் மிதக்கும் நேரம் கூடினால் 'மனச்சோர்வு போன்ற' நடத்தை. அசையாமல் மிதப்பது வலுவைச் சேமிக்கும் கற்றலாகவும் இருக்கலாம் என்ற விமர்சனம் பழையது. மாதவிடாய்க்கு முந்தைய மனச்சோர்வு ஆய்வுக்கு அதைவிடக் கூர்மையான சிக்கல் ஒன்று இருக்கிறது. நோயின் உயிரே திரும்பத் திரும்ப வருவதில் இருக்கிறது. ஒரே எலியைப் பல கட்டங்களில் அளந்தாக வேண்டும். நீச்சல் சோதனையோ ஒருமுறை நீரில் இறங்கிய எலிக்கு அடுத்தமுறை வேறாகிவிடும். உயர்ந்த மேடையில் திறந்த கைகளும் மூடிய கைகளும் உள்ள சிலுவைப் புதிர்ப்பாதையும் அப்படியே: முதல் ஐந்து நிமிட அனுபவத்துக்குப் பிறகு எலியின் நடத்தை மாறிவிடுகிறது, பதற்றம் குறைக்கும் மருந்துகூட இரண்டாம் முறை வேலை செய்யாமல் போகும்.

தப்பிக்க இரண்டு வழி உண்டு. எலிகளை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை டையெஸ்ட்ரஸிலும் மறு பாதியை புரோஈஸ்ட்ரஸிலும் முதலில் சோதித்து, பிறகு மாற்றலாம். வரிசையின் விளைவைக் கணக்கில் பிரித்தெடுக்க முடியும். அல்லது, திரும்பத் திரும்ப அளந்தாலும் கெடாத ஒன்றை எடுக்கலாம்: வீட்டுக் கூண்டிலேயே 1 சதவீதச் சர்க்கரை நீரும் வெறும் நீருமாக இரு குப்பிகள் வைத்து, எது எவ்வளவு குறைந்தது என்று 24 மணிக்கொருமுறை எடைபோடுவது. குப்பிகளின் இடத்தைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் எலியின் இடப் பழக்கம் சுவை விருப்பம்போலத் தெரியும். உண்பதும் பருகுவதும் சுழற்சியோடு மாறுவதால், மொத்தம் குடித்த அளவைச் சேர்த்துச் சொல்லாத எண்ணுக்குப் பொருளில்லை. சினைப்பை நீக்கிய எலி எடை கூடும் என்பதையும் நீச்சல் சோதனை செய்வோர் மறக்கக் கூடாது. கொழுத்த உடல் எளிதாக மிதக்கும்.

மருந்துப் பரீட்சை

மாதிரி சரியா என்று பார்க்க, பெண்களுக்குப் பலிக்கும் மருந்து எலிக்கும் பலிக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். இந்த நோயில் அந்தப் பரீட்சை வழக்கத்தைவிடக் கடினமானது, அதனால்தான் பயனுள்ளது. சாதாரண மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்செட்டின் போன்ற செரட்டோனின் மருந்துகள் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். இங்கே சில நாட்களிலேயே பலன் தெரிகிறது. லூட்டியல் கட்டத்தில் மட்டும் எடுத்துக்கொண்டால்கூடப் போதும். நார்அட்ரினலின் என்ற வேறொரு மூளை வேதிப்பொருள் வழியே வேலைசெய்யும் மேப்ரோட்டிலின் போன்ற மருந்துகள் அவ்வளவாகப் பலிப்பதில்லை.

2012இல் வெளியான ஓர் ஆய்வில், புரோஜெஸ்டிரோன் இறக்கத்துக்கு ஆளான எலிகளின் நீச்சல் சோதனை நடத்தையை ஃப்ளூவாக்செட்டின் மாற்றவில்லை, பழைய வகை மருந்தான அமிட்ரிப்டிலின் மாற்றியது. விளைவு எலி வகையைப் பொறுத்தும் மாறியது. பெண்களிடம் நடப்பதற்கு இது எதிர்த்திசை. மறுபக்கம், தெல்மா லோவிக் குழுவினர் இயற்கையாகச் சுழலும் எலிகளில், டையெஸ்ட்ரஸ் பிற்பகுதியில் நடுமூளையின் பெரிஅக்வடக்டல் சாம்பல் பகுதி அளவுக்கு மீறி விழித்துக்கொள்வதைக் கண்டார்கள். செரட்டோனினைத் தொடாத அளவுக்குக் குறைந்த ஃப்ளூவாக்செட்டினைச் சிறிது காலம் கொடுத்தபோது மூளையில் அலோப்ரெக்னனோலோன் கூடி அந்த விழிப்பு தடைபட்டது. ஒரே மருந்து, இரு மாதிரிகள், இரு பதில்கள். இயற்கைச் சுழற்சியைத் தொடர்ந்த மாதிரி பெண்களின் அனுபவத்தோடு ஒத்துப்போனதை நாங்கள் தற்செயலாகக் கருதவில்லை.

மனித ஆய்வுகளும் அலோப்ரெக்னனோலோன் பாதையை ஓரளவு உறுதி செய்தன. 2016இல் டூட்டாஸ்டெரைடு என்ற மருந்தால் 5-ஆல்ஃபா ரிடக்டேஸைத் தடுத்தபோது, நாளுக்கு 2.5 மில்லிகிராம் அளவில் அறிகுறிகள் குறைந்தன. ஸ்வீடனில் அலோப்ரெக்னனோலோனுக்கு எதிராக வேலைசெய்யும் செப்ரனோலோன் முதல் சோதனையில் நம்பிக்கை தந்தது. 2020இல் பெரிய சோதனை போலி மருந்தைவிட மேலானதென்று காட்டத் தவறியது. 2021இல் புரோஜெஸ்டிரோன் ஏற்பியையே அடக்கும் யூலிப்ரிஸ்டால் அறிகுறிகளைக் குறைத்தது. காபா ஏற்பியை மட்டும் பார்க்கும் எலி மாதிரிகளுக்கு இந்தக் கடைசி முடிவு ஒரு எச்சரிக்கை.

உதிரம் உள்ள விலங்குகள்

ரீசஸ் போன்ற சில குரங்குகளுக்குப் பெண்களைப்போலவே மாதவிலக்கும் ஏறத்தாழ 28 நாள் சுழற்சியும் உண்டு. 1985இல் கென்யாவின் அம்போசெலிப் பகுதியில் மஞ்சள் பாபூன்களைக் கவனித்தவர்கள், மாதவிலக்கையொட்டிய நாட்களில் நடத்தை மாறுவதைப் பதிவு செய்தார்கள். ஆனால் குரங்கை ஆய்வகத்தில் வைக்கும் செலவும் அறக்கேள்விகளும் பெரியவை.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு எகிப்திய முள் சுண்டெலிக்கு மாதவிலக்கு வருவதைக் கண்டறிந்து 2017இல் வெளியிட்டது. சுழற்சி ஏறத்தாழ 9 நாள், உதிரம் 3 நாள் போல. மாதவிலக்கையொட்டி அதன் நடத்தை மாறுவதையும் அதே குழு பின்னர் ஆராய்ந்தது. கையாள்பவர்களுக்கு ஒரு சொல்: இதன் தோல் மிக எளிதில் கிழியும், கழுத்துத் தோலையோ வாலையோ பிடித்துத் தூக்கக் கூடாது, குழாயில் ஏறவிட்டு மாற்ற வேண்டும். கர்ப்பகாலமும் சுண்டெலியின் மூன்று வாரத்தைப்போல இல்லை, 39 நாள் போல ஆகும். விலங்குகளைப் பெருக்கப் பொறுமை வேண்டும்.

மரபணு வழியில் வருவோரும் உண்டு. நோயுள்ள பெண்களின் வெள்ளணுக்களிலிருந்து வளர்த்த செல்களில், ஹார்மோனுக்குப் பதில்சொல்லும் ஒரு மரபணுக் கூட்டம் வேறுவிதமாக இயங்குவதை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தினர் 2017இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டு, நரம்பணு வளர்ச்சிக்கு உதவும் மனித பிடிஎன்எஃப் மரபணுவின் ஒரு மாறுவடிவம் தாங்கிய பெண் சுண்டெலிகளில் ஈஸ்ட்ரடயோலை நீக்கித் திரும்பக் கொடுத்து, அந்தச் செல்களின் மரபணு இயக்கத்தோடு ஒப்பிட்டார்கள். யார் பாதிக்கப்படுவார் என்பதை முன்கூட்டியே வைத்துத் தொடங்கும் மாதிரி இது.

இனி ஆய்வு தொடங்குவோருக்கு எங்கள் பரிந்துரை இதுதான். முதல் இரண்டு சுழற்சிகளை ஸ்மியருக்கு ஒதுக்குங்கள். அடுத்த இரண்டில், திரும்ப அளந்தாலும் கெடாத சோதனையால் சுழற்சியோடு மாறும் எலிகளைப் பிரித்தெடுங்கள். இரத்தத்தில் அலோப்ரெக்னனோலோனை நிறை நிறமாலை அளவியால் அளவிடுங்கள். எதிர்ப்பொருள் முறையில் அதன் உறவுக்காரச் சேர்மங்களும் சேர்ந்து கணக்கில் வந்துவிடும். பிறகு சினைப்பை நீக்கம், ஹார்மோன் திரும்பக் கொடுத்தல். சுழற்சியோடு மாறாத எலிகளைத் 'தகுதியற்றவை' என்று கழித்துவிடாதீர்கள். அதே ஹார்மோன் ஏறி இறங்கியும் அசையாத மூளை அவற்றினுடையது. அந்த மூளையின் துண்டுகளை மற்றவற்றோடு ஒரே நாளில் எடுத்து, ஒரே பெட்டியில் உறையவைத்து, ஒரே சோதனையில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.